தமிழ்க் காதல் நாவல் சுயபதிப்பு

எழுத்தாளர் தன் நூலை ஒரு பதிப்பகத்திடம் ஒப்படைக்காமல் தானே முதலிட்டு, தானே அச்சிட்டு அல்லது மின்னூலாக்கி, தானே விற்பது சுயபதிப்பு எனப்படுகிறது. இன்று தமிழில் சுயபதிப்பு மிகப் பரவலாக நடக்கும் துறைகளில் ஒன்று காதல், குடும்ப நாவல். எழுதுபவர்களிலும் வாசிப்பவர்களிலும் பெண்களே மிகுதி. இலக்கிய விமர்சனம் இத்துறையைப் பொதுவாசிப்பு எழுத்து என்று வகைப்படுத்தி விலகிச் சென்றுவிடுவதால், இதன் பதிப்பு முறைகள் அதிகம் எழுதப்படவில்லை.

சுயபதிப்பு என்றதும் பலரும் முதலில் அச்சுச்செலவைத்தான் நினைக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கலாம். சாத்தூரிலோ திருவில்லிபுத்தூரிலோ விருதுநகரிலோ இருந்து நாவல் எழுதும் ஒருவருக்கு, இந்தியாவின் முக்கியமான அச்சு நகரங்களில் ஒன்றான சிவகாசி ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. ஆயினும் தமிழ்க் காதல் நாவல்களின் பதிப்பு மையமாகச் சென்னையே இருந்துவந்தது. அச்சகம் பக்கத்தில் இருப்பது எழுத்தாளருக்குப் பெரிய உதவியாக அமையவில்லை. வாசகரின் முகவரி யார் கையில் இருந்தது என்பதே ஒவ்வொரு காலத்திலும் இத்துறையைத் தீர்மானித்திருக்கிறது.

முன்னோடி: வை.மு. கோதைநாயகி

தன் நாவல்களைத் தானே வெளியிட்டு விற்ற தமிழ்ப் பெண் எழுத்தாளர்களில் முதன்மையானவர் வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960). ஐந்து வயதைத் தாண்டியதும் திருமணம் செய்துவைக்கப்பட்ட அவர் முறையான பள்ளிக்கல்வி பெறவில்லை. முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச்சொல்லத் தோழி எழுதினார். அது 1924-இல் நூலாக வந்தது. அடுத்த ஆண்டே, நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற இதழை வாங்கி ஆசிரியப் பொறுப்பேற்றார். ‘வைதேகி’ முதலான தன் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். பிற்காலத்தில் சொந்த அச்சகமும் வைத்துக்கொண்டார். அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 115 என்று குறிப்பிடப்படுகிறது.

காதல், திருமணம், மாமியார் வீடு, சந்தேகம், கைம்மை, மறுமணம் ஆகியவற்றைச் சுற்றி மர்ம முடிச்சுகளோடு கதை சொன்னவர் அவர். கதைகளின் இலக்கியத் தகுதி பற்றிய விவாதத்தைத் தனியே வைக்கலாம். பதிப்பு முறையில் அவர் செய்தது இன்றைய இணைய நாவலாசிரியர்கள் செய்வதை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கிறது. முதலில் தொடர், அதைப் படிக்கப் பழகிய வாசகர், பின்னர் நூல். சந்தாதாரர் பட்டியல் அவர் கையிலேயே இருந்தது. எந்தப் பதிப்பாளரும் அவருக்கும் வாசகருக்கும் இடையில் இல்லை. அவருக்கு முன்பே வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் போன்றவர்கள் சொந்த இதழ் நடத்தி நாவல் வெளியிட்டிருந்தனர். ஆனால் வீட்டைவிட்டு வெளியே வருவதே கேள்விக்குள்ளான காலத்தில் ஒரு பெண் அதை முப்பதாண்டுகளுக்கு மேல் தொழிலாக நடத்தியது தனிச் செய்தி.

மாத நாவல் காலம்

1969-இல் ‘ராணி முத்து’ தொடங்கப்பட்டது. மாதம் ஒரு முழு நாவல், மலிவுத்தாள், குறைந்த விலை, பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் பிரதி என்ற முறை நிலைபெற்றது. ‘மாலைமதி’யும் ஜி. அசோகன் நடத்திய ‘பாக்கெட் நாவல்’ போன்றவையும் அதே வழியில் வந்தன. துப்பறியும் கதைகளும் குடும்பக் கதைகளும் இவற்றில் பக்கம்பக்கமாக விற்றன.

காதல் நாவலில் இக்காலத்தின் பெரிய பெயர் ரமணிசந்திரன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அவருடைய நூல்கள் பெரும்பாலும் சென்னையின் அருணோதயம் பதிப்பக வெளியீடுகளாக வந்தன. வாடகை நூல் நிலையங்களில் அவருடைய நாவல்களுக்குத் தனி அடுக்கே இருந்ததைப் பலர் நினைவுகூர்வதுண்டு. பிடிவாதமான நாயகன், தன்மானமுள்ள நாயகி, தவறான புரிதல், பெரியவர்கள் சூழ்ந்த வீடு, இறுதியில் இணைவு என்ற அவருடைய கட்டமைப்பு இன்று இணையத்தில் எழுதுபவர்களுக்கும் அடித்தளமாக இருக்கிறது.

மாத நாவல் முறையில் எழுத்தாளருக்குப் பணம் விரைவாகக் கிடைத்தது. பெரும்பாலும் ஒரே தொகை. எத்தனை பிரதி விற்றாலும் அதில் மாற்றமில்லை. வாசகர் கடிதங்கள் இதழின் முகவரிக்கே போயின. இதழ் வேறொருவரை முன்னிறுத்தத் தொடங்கினால் எழுத்தாளருக்கு வாசகரைச் சென்றடைய வேறு வழியிருக்கவில்லை. கோதைநாயகியிடம் இருந்த பட்டியல் இப்போது நிறுவனங்களின் கைக்குப் போயிருந்தது.

இணையத் தொடர்

2000-களின் பிற்பகுதியிலிருந்து யூனிகோடு எழுத்துரு பரவியதும் பெண்கள் கூடும் இணையதளங்களில் நாவல்கள் தொடராக எழுதப்பட்டன. கைப்பேசி வந்தபின் இது பன்மடங்காகப் பெருகியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிரதிலிபி’ தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எவரும் கதை பதிவேற்றும் தளமாக வளர்ந்தது. எழுத்தாளர்களில் சிலர் சொந்தத் தளம் தொடங்கி மற்றவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தனர். பின்னர் அவர்களே பதிப்பகமும் நடத்தினர்.

இந்த உலகத்திற்கென்று ஒரு சொற்களஞ்சியம் உண்டு. புதிய அத்தியாயம் ‘யூடி’ எனப்படும். முடியாத தொடர் ‘ஆன்கோயிங்’. முடிந்ததும் முழுக்கதைக்கு ஒரு ‘லிங்க்’ தரப்படும். அது சில நாள் மட்டுமே இருக்கும். ‘ஆன்டி ஹீரோ’ கதையா, கூட்டுக்குடும்பக் கதையா என்று முன்கூட்டியே அறிவிக்கப்படும். சொன்ன நாளில் யூடி வராவிட்டால் வாசகர் உரிமையோடு கோபித்துக்கொள்வார்கள். எழுத்தாளரை ‘அக்கா’ என்றும் ‘சிஸ்’ என்றும் அழைப்பார்கள். நாயகியின் முடிவு பிடிக்கவில்லை என்றால் அன்றிரவே எழுதிவிடுவார்கள். எழுதுபவர்களில் பலர் புனைபெயருக்குள் இருப்பவர்கள். சொந்த ஊரில் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல், சில வேளைகளில் வீட்டாருக்கே தெரியாமல் எழுதுபவர்களும் உண்டு. சுயபதிப்பு இவர்களுக்கு ஒரு மறைவையும் தருகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பதிப்பகத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை.

நாள்தோறும் வரும் கருத்துகளால் கதை நீள்வது இம்முறையின் குறை. வாரம் மூன்று யூடி என்ற கட்டாயத்தில் எழுதப்பட்ட நாவலை நூலாக்கும்போது, ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் வைத்த திடுக்கிடல்களும், முன்கதையை நினைவூட்டும் பத்திகளும் துருத்திக்கொண்டு நிற்கும். செப்பனிடாமல் அப்படியே அச்சுக்கு அனுப்பப்பட்ட நாவலை முதல் இருபது பக்கத்திலேயே அடையாளம் காணலாம். பதிப்பகம் இல்லாத இடத்தில் செப்பனிடுபவரும் இல்லாமல் போவது சுயபதிப்பின் பெரிய இழப்பு. பிழைதிருத்துபவர் ஒருவருக்காவது பணம் ஒதுக்கும் ஆசிரியர்களின் நூல்கள் தனித்துத் தெரிகின்றன.

மின்னூல்

அமேசான் நிறுவனம் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. அந்நிறுவனம் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ சுயபதிப்புப் போட்டியில் 2018-இல் தமிழும் சேர்க்கப்பட்டது. கணக்குத் தொடங்கி, கோப்பையும் மேலட்டையையும் ஏற்றி, விலை வைத்தால் ஓரிரு நாளில் நூல் விற்பனைக்கு வந்துவிடும். செலவு இல்லை. வருமான வரிக்கான விவரங்களையும் வங்கிக் கணக்கையும் ஒருமுறை கொடுக்க வேண்டும்.

பங்குத்தொகை இரண்டு வீதங்களில் உள்ளது: 35 விழுக்காடு, 70 விழுக்காடு. உரிய விலை வரம்புக்குள் இருந்தாலும் இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு வேண்டுமானால் நூலை ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர்க்க வேண்டும். அத்திட்டத்தின் நிபந்தனை, 90 நாள் காலத்திற்கு அந்நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது என்பது. விலக்கிக்கொள்ளாவிட்டால் அது தானாகவே அடுத்த 90 நாளுக்கு நீளும். இணையத்தில் இலவசமாக இருந்த நாவலின் லிங்க் திடீரென நீக்கப்படுவதற்கு இதுவே காரணம். வாசகர் பலருக்கு இது தெரியாததால் எழுத்தாளர் பணத்தாசை பிடித்துவிட்டார் என்ற பேச்சும் வரும்.

செலக்டில் சேர்ந்த நூல் ‘கிண்டில் அன்லிமிடெட்’ சந்தாதாரர்களுக்கும் கிடைக்கும். அதில் வருவாய் வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உலகளாவிய ஒரு பொதுநிதி மாதந்தோறும் பக்கக் கணக்கில் பங்கிடப்படுகிறது. காதல் நாவல் வாசகர் ஒரே மாதத்தில் பல நாவல்களைப் படித்து முடிப்பவர். ஒவ்வொன்றையும் விலைகொடுத்து வாங்குவதைவிடச் சந்தா அவருக்குக் கட்டுப்படியாகும். ஒரு வகையில் இது பழைய வாடகை நூல் நிலையம்தான். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நூல் எத்தனை முறை வாடகைக்குப் போனாலும் எழுத்தாளருக்கு ஒரு காசும் வராது. இங்கே பக்கத்துக்குச் சில காசுகளாவது வருகிறது.

இம்முறையில் நீண்ட நாவலுக்கு வருவாய் கூடும் என்பதால் கதையை இழுக்கும் தூண்டுதலும் கூடுகிறது. மேலும், வாசகர் யார் என்பது எழுத்தாளருக்குத் தெரிவதில்லை. எத்தனை பக்கம் வாசிக்கப்பட்டது என்ற எண் மட்டுமே அவருக்குக் காட்டப்படும். மாத நாவல் காலத்தில் இதழிடம் இருந்த முகவரிப் பட்டியல் இப்போது நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது.

சிவகாசியில் அச்சு

1923-இல் சிவகாசியைச் சேர்ந்த பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசு வந்தபின் அதற்கும் வண்ண லேபிளும் அட்டைப்பெட்டியும் வேண்டும். வெளியூரிலிருந்து தருவித்த இந்த வேலையை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியதில் பிறந்தது சிவகாசியின் கல்லச்சு, பின்னர் ஆஃப்செட் அச்சுத் தொழில். நாட்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், பாடநூல் என்று அது விரிந்தது. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகள் வழியாகத் தமிழ்நாட்டின் பூசையறைகளை அடைந்தன.

ஆகவே அச்சிடுதலின் எல்லாத் தொழில்நுட்பமும் இங்கே உண்டு. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் லட்சக்கணக்கான பிரதிகளுக்காக அமைந்தது. 300 பிரதி நாவல் ஒன்று பெரிய ஆஃப்செட் அச்சகத்தில் வேலையாகவே கருதப்படாது. இதைப் புரிந்துகொள்ள ஃபாரக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

டெமி அளவில் 16 பக்கம் கொண்டது ஒரு ஃபாரம். 320 பக்க நாவல் 20 ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் பிளேட் எடுத்து, எந்திரத்தில் ஏற்றி, மை சீராக வரும்வரை தாள்களை வீணாக்கி, பிறகே நல்ல பிரதி வரத் தொடங்கும். 300 பிரதிக்கும் 3000 பிரதிக்கும் இந்த முன்வேலை ஒன்றே. அட்டைக்கு நான்கு வண்ணம், நான்கு பிளேட். இச்செலவு முழுவதையும் 300 பிரதிகளின் மேல் ஏற்றினால் நூலின் அடக்கவிலை உயர்ந்துவிடும். 3000 அடித்தால் பிரதிக்கு அடக்கவிலை இறங்கும். ஆனால் விற்காத 2700 பிரதிகள் வீட்டின் ஒரு அறையை அடைத்துக்கொள்ளும். புதிய எழுத்தாளர்கள் வீழும் குழி இதுதான். அச்சகத்தார் சொல்லும் ‘ஆயிரம் அடித்தால் பிரதிக்கு இவ்வளவுதான்’ என்ற கணக்கு பொய்யல்ல. விற்பனை பற்றி மட்டும் அது எதுவும் சொல்வதில்லை.

பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சு இதற்கு மாற்று. முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. சில நூறு பிரதிகள் வரை டிஜிட்டலும் அதற்கு மேல் ஆஃப்செட்டும் இலாபம் என்பது பொதுவான நடைமுறை. கேட்பு வரும்போது மட்டும் ஒவ்வொரு பிரதியாக அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. பெங்களூரின் ‘போத்தி’, சென்னையின் ‘நோஷன் பிரஸ்’ ஆகியவை அவ்வகை. இவற்றில் முதலீடு மிகக் குறைவு. பிரதியின் விலை சற்றுக் கூடுதல்.

அச்சகத்தின் பருவமும் தெரிந்திருக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி ஆல்பம் வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதன்பின் மார்கழி வரை நாட்காட்டியும் டைரியும் எந்திரங்களை நிறைத்துவிடும். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு லேபிள் வேலையும் சேர்ந்துகொள்ளும். சனவரிப் புத்தகக் காட்சிக்காகக் கார்த்திகையில் நாவலை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு வரிசையில் கடைசி இடமே கிடைக்கும். அதே வேலையை பங்குனிக்குப் பின்பு கொண்டுபோனால் பேசுவதற்காவது ஆள் இருப்பார்கள்.

கோப்பைப் பற்றி ஒரு குறிப்பு. எழுத்தாளர் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பார். பழைய பேஜ்மேக்கர் வழக்கத்தில் இருக்கும் டிடிபி நிலையம் அதை வேறு குறியேற்ற எழுத்துருவுக்கு மாற்றும். மாற்றத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம்மாறும், ‘ஸ்ரீ’ உடையும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும். யூனிகோடிலேயே பக்கம் அமைக்கத் தெரிந்த இடத்தைத் தேடுவது நல்லது. இல்லையென்றால் மாற்றிய பின் முழுப்பிரதியையும் மீண்டும் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். மேலட்டைக்கு இணையத்தில் கிடைத்த நடிகர், நடிகையர் படத்தை எடுத்துப்போடும் வழக்கமும் இத்துறையில் உண்டு. புகைப்படத்திற்கு உரிமையாளர் இருக்கிறார் என்பது பலருக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகே தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லலாம். கந்தகபூமி என்று அழைக்கப்படும் இந்த வட்டாரம் எழுத்திலும் திரையிலும் பெரும்பாலும் துயரத்தின் களமாகவே வந்திருக்கிறது. பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் குழந்தைகளின் கதை. காதல் நாவலின் நாயகனோ பெரும்பாலும் பெருநகரத் தொழிலதிபர். பட்டாசு ஆலை உரிமையாளர் குடும்பம், லேபிள் வடிவமைக்கும் பெண், தீபாவளிக்கு முந்திய மாதத்தின் நெருக்கடி, 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளுக்கு விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின் வந்த வேலையின்மை ஆகியவை குடும்ப நாவலுக்குச் சற்றும் குறைவில்லாத பொருள்கள். அறிமுகமான சூழலை எழுதும் சுதந்திரம் பதிப்பாளர் இல்லாத எழுத்தாளருக்கு அதிகமாகவே உண்டு.

விற்பனை

அச்சிட்ட பிரதியைக் கடையில் வைத்தால் பொதுவாக விலையில் 30 முதல் 40 விழுக்காடு கடைக்கும் விநியோகஸ்தருக்கும் போகும். மீதிப் பணம் எப்போது வரும் என்பது வேறு விஷயம். பபாசி அமைப்பு 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே ஒரு நூலை வைத்திருக்கும் எழுத்தாளர் அரங்கு எடுப்பது நடைமுறையில் கடினம். வேறொரு பதிப்பகத்தின் அரங்கில் பிரதிகளைக் கொடுத்துவைப்பதே வழி. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் தொடங்கியபின் நிலைமை சற்று மாறியிருக்கிறது. விருதுநகரில் 2022-இல் மாவட்ட நிர்வாகத்தின் முதல் புத்தகத் திருவிழா நடந்தது. பொது நூலகத்துறை வாங்கும் பிரதிகள் பதிப்பகங்களுக்கே பெரிய ஆதாரம். தனி எழுத்தாளர் அதை நம்பி அச்சிடுவது அறிவுடைமையாகாது.

வாசகரை நேரடியாகச் சென்றடைந்த முன்மாதிரி ஒன்று சிவகாசியிலேயே இருக்கிறது. அது காதல் நாவல் அல்ல, காமிக்ஸ். 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வெளிவருபவை. நடுவே தேக்கம் வந்தபோதும் 2012-இல் புதுவடிவில் மீண்டெழுந்தன. அதற்குக் காரணம் கடைகளை மட்டும் நம்பாமல் ஆண்டுச் சந்தா கட்டும் வாசகர்களைத் தக்கவைத்துக்கொண்டது. சந்தாத் தொகை முன்கூட்டியே வருவதால் எத்தனை பிரதி அடிப்பது என்பது ஓரளவு தெரிந்துவிடுகிறது. விற்பவரும் வாசகரும் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அறிந்திருக்கிறார்கள்.

காதல் நாவலாசிரியர்கள் இதே முறையைத் தாங்களாகவே வந்தடைந்திருக்கிறார்கள். தொடர் முடியும் தறுவாயில் ‘நேரடிப் புத்தகம் வருகிறது’ என்ற அறிவிப்பு வரும். வாட்ஸ்அப்பில் முன்பதிவு. 2016-க்குப் பின் பரவிய யூபிஐ வழியாகப் பணம். பதிவான எண்ணிக்கையோடு கொஞ்சம் கூட்டி அச்சிட்டு, அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பிவிடுகிறார்கள். முகவரி எழுதி ஒட்டும் வேலையில் குடும்பமே உட்காரும். 200 பேர் முன்பதிவு செய்தால் 250 பிரதி. நூலுக்கு வாசகர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அச்சுக்குப் போகும் முன்பே விடை கிடைத்துவிடுகிறது. கைபேசியில் சேமித்த அந்த 200 எண்களே எழுத்தாளரின் மூலதனம். எழுத்தாளர் மேடையை மாற்றினாலும் அவை அவருடனேயே போகும்.

யூடியூபில் நாவலை ஒலிவடிவில் வாசித்து வெளியிடுவது மற்றொரு வழி. சமைக்கும்போதும் தைக்கும்போதும் கேட்கும் வாசகர்கள் இதில் மிகுதி. கட்டணம் இல்லாமல் விளம்பரத்தின் மூலம் வருவாய் வருகிறது.

உரிமையும் திருட்டும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி படைப்பு உருவானவுடனேயே உரிமை ஆசிரியருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். உரிமையைப் பிறருக்கு மாற்றித்தருவது கையொப்பமிட்ட எழுத்துவடிவில் இருந்தால் மட்டுமே செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தக் காலத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, தனியே குறிப்பிடாவிட்டால் மாறாது என்று 2012 திருத்தம் சேர்த்தது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுவது நல்லது. ‘சகல உரிமைகளும்’ என்று ஒரே வரியில் கையெழுத்திட்டு, பின்பு தன் கதையைத் தானே ஒலிநூலாக்க முடியாமல் போகும் நிலை அப்போது வராது.

திருட்டுக்கு எதிராக இச்சட்டம் நடைமுறையில் அவ்வளவு உதவுவதில்லை. கிண்டிலில் வந்த நாவல் சில நாட்களில் பிடிஎஃப் ஆகி டெலிகிராம் குழுக்களில் சுற்றுகிறது. ஒரு குழுவை நீக்கச் செய்தால் வேறு பெயரில் இன்னொன்று முளைக்கும். இதற்காகவே சிலர் மின்னூலைத் தவிர்த்து நேரடிப் புத்தகமாக மட்டும் வெளியிடுகிறார்கள். அதையும் கைபேசியில் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். இவற்றைப் படிப்பவர்களும் அதே காதல் நாவல் வாசகர்கள்தான் என்பது எழுத்தாளர்களுக்குக் கூடுதல் வேதனை.

அச்சு நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணை மத்தியக் கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் கட்டணமின்றி வழங்குகிறது. தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இந்த எண்ணை விலைக்கு விற்கும் இடைத்தரகர்களிடம் பணம் கட்டத் தேவையில்லை.

சுயபதிப்பாளர்கள் பலர் அறியாத கடமையும் ஒன்றுண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் அச்சில் நூல் வெளியிடும் எவரும் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்கிற்கும் ஒவ்வொரு பிரதியைத் தன் செலவில் அனுப்ப வேண்டும். லிங்க் நீக்கப்பட்ட இணைய நாவலும், கணக்கு மூடப்பட்ட மின்னூலும் எந்த நூலகத்திலும் இருக்காது. கோதைநாயகியின் நாவல்களிலேயே பலவற்றை இன்று தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 250 பிரதி அச்சிடுபவர் நான்கை இதற்காக முதலிலேயே எடுத்துவைத்துவிடலாம்.